வாய்க்கால் கரை – 14: முளைகள் போன இடம்

நாத்தனார் இரவு வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றினாள். மில்லில் கொடுத்த முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை.

மாமியார் அடுப்படியிலிருந்தே பார்த்தாள்.

"வீட்டுக்கு வந்தும் அந்தச் சட்டை எதுக்குடி? ஒரு வாரமா இதே கூத்தா இருக்கு."

"குளிருதும்மா."

"இந்தப் புழுக்கத்துலயா? உன் தலைமேல மட்டும் தனியா பனி கொட்டுதா?"

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி, அந்த வீட்டு மருமகள், தேநீர் டம்ளரைப் பார்த்தாள். சட்டைக் கைக்குள் முழங்கையிலிருந்து தோள்வரை தோல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று அந்த வீட்டில் அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

போன வாரம் நெடுஞ்சாலை ஓரமாக மில்லுக்கு நடந்து போனவளை ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி தட்டிவிட்டது. சாப்பாட்டுப் பை லாரியோடு போனது. ஆள் பள்ளத்தில் விழுந்தாள். விழுந்தவள் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை குளியலறைக் கதவுக்குப் பின்னால் அண்ணியிடம் மட்டும் கையைக் காட்டினாள். "அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க அண்ணி. தெரிஞ்சா வேலையை விடச் சொல்லிடும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் பகலெல்லாம் தூங்கினாள். கொடுத்தவளுக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

வீட்டு ஆண்பிள்ளை, அண்ணியின் புருஷன், வெளியூர் போயிருந்தான். அவனும் லாரிதான் ஓட்டுகிறான். அவனிடம் இதை எந்த வாயால் சொல்வது?

"ஏம்மா, பாத்துட்டே நின்னா ஆறிடும், குடி. ஆபீஸுக்கு நேரமாகல?" என்றாள் மாமியார்.

"இன்னிக்கு வெளிய வேலை அத்தை."

"எங்க?"

"இங்கதான்... பக்கத்துல."

பக்கத்தில்தான். எவ்வளவு பக்கத்தில் என்று சொல்லியிருந்தால் மாமியார் கரண்டியைக் கீழே போட்டிருப்பாள்.

மருமகளுக்கு மாவட்டத் திட்ட அலுவலகத்தில் வேலை. மூன்று வருடமாக ஒரே காரியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். கைவிட்ட பழைய ரயில் தடம், இரண்டு ஏரிக்கரை, நகரத்துப் பூங்கா, மில் பக்கத்துச் சாலை மரங்கள் எல்லாவற்றையும் ஒரே நடைபாதை வலையாகக் கோக்க வேண்டும். நடந்து போகிறவனும் சைக்கிளில் போகிறவனும் பெரிய சாலையில் கால் வைக்காமல் மாவட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக வேண்டும். வரைபடத்தில் பச்சைக் கோடுகள் எல்லாம் வந்துவிட்டன. ஓர் இடத்தில் மட்டும் வெள்ளையாக இருந்தது. தொழிலாளிகள் குடியிருக்கும் இந்த வரிசை வீடுகளுக்கும் மில்லுக்கும் நடுவே.

அந்த வெள்ளையை அடைத்தால் அது வலை. அடைக்காவிட்டால் காற்று வாங்கப் போகிறவர்களுக்கு நாலைந்து அழகான துண்டுகள்.

அடைக்க ஒரே வழிதான் இருந்தது. வரிசை வீடுகளின் பின்புறம், வடிகால் வாய்க்கால் கரை. அதாவது இந்த அடுப்படியின் பின்கதவுக்கு வெளியே.

வீட்டில் அவள் சொல்லவில்லை. அறிவிப்பு வரும்வரை கோடு எங்கே போகிறதென்று வெளியே பேசக் கூடாது என்பது அலுவலக உத்தரவு. அத்தையிடம் காலையில் சொன்னது மதியச் சோற்றுக்குள் தெருக்கோடிக்குப் போய்த் திரும்பி வரும் என்பது வீட்டு நிலவரம். அலுவலகத்திலும் ஒன்றைச் சொல்லவில்லை. அங்கே அவள் முகவரி இன்னும் அம்மா வீடுதான். கல்யாணத்துக்குப் பிறகு மாற்ற மறந்தாள். இந்தக் கோட்டை வரைந்த பிறகு, மறந்தது வசதியாகப் போய்விட்டது.

இன்று இயக்குநர் கரையில் நடந்து பார்க்க வருகிறார். அவர் தலையாட்டினால் கோடு நிலைக்கும்.

அவள் எப்போதும்போல முன்வாசல் வழியாகக் கிளம்பினாள். பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

•

சர்வேயர் வாய்க்கால் பாலத்தில் நின்றுகொண்டிருந்தார். எதையும் கயிறு கட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு நூல்பிடி என்று பெயர். இப்போது அவர் கையில் கயிறும் இல்லை, முகத்தில் ரத்தமும் இல்லை.

"மேடம், என் முளை எல்லாம் எங்க?"

"எந்த முளை?"

"நான் ஊன்றின முளை! பாதையோட ரெண்டு ஓரத்துக்கும் நுனி சீவி, தலையில சிவப்புச் சாயம் அடிச்சு, வெயில்ல செத்து ஊன்றினேனே, அந்த முளை. முந்தாநாள்கூட இருந்துச்சு. இப்ப பாருங்க. ஒண்ணுகூட இல்ல. கரையே மொட்டை அடிச்ச மாதிரி இருக்கு."

அவள் பார்த்தாள். கரையில் குழிகள் மட்டும் இருந்தன. ஒரே சீரான இடைவெளியில், அழகாக.

பிறகு வீடுகளின் பக்கம் பார்த்தாள்.

முதல் வீட்டில் துணிக்கொடி நடுவே தொய்யாமல் இரண்டு சிவப்புத் தலைக் குச்சிகள் முட்டுக் கொடுத்திருந்தன. அடுத்த வீட்டில் கோழிக் கூண்டுக்கு வேலி. அதற்கடுத்த வீட்டில் தக்காளிச் செடி ஒவ்வொன்றும் ஒரு குச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. நாலாவது வீட்டில் புத்தம்புதிய அவரைப் பந்தல். பந்தலின் கால்கள் எல்லாம் சிவப்புத் தொப்பி போட்டு வரிசையாக நின்றன.

நாலாவது வீடு அவள் வீடு.

அந்தத் தெருவுக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதியதில்லை, எல்லோருக்கும் தெரியும். வாய்க்கால் கரையில் ஒரு பொருள் இரண்டு நாள் கேட்பாரில்லாமல் கிடந்தால் அது எடுத்தவருக்குச் சொந்தம். மழை வெள்ளம் பலகை கொண்டுவரும், பெட்டி கொண்டுவரும், ஒரு தடவை நல்ல நாற்காலி கொண்டுவந்தது. யாரும் யாரையும் கேட்பதில்லை. இரண்டு நாள் பொறுப்பார்கள், அதுதான் மரியாதை. அவள் துணி துவைக்கும் நீல வாளியே அப்படி வந்ததுதான்.

முளைகளும் இரண்டு நாள் கேட்பாரில்லாமல் நின்றிருக்கின்றன. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு கைகூடத் தொட்டிருக்காது.

"எந்தப் பாவி..." என்று நூல்பிடி ஆரம்பிக்கும்போதே இயக்குநரின் கார் பாலத்தில் வந்து நின்றது.

இயக்குநர் இறங்கும் முன்பே மூக்கில் கைக்குட்டை வைத்திருந்தார். வாய்க்காலைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், தன் வெள்ளைக் காலணியைப் பார்த்தார்.

"பாதை எங்கம்மா?"

"இந்தக் கரைதான் சார். பெரிய சாலைக்கு அடியில புகுந்து மில் கேட் வரைக்கும் நேரா போகுது. நடுவுல பெரிய சாலையைக் கடக்கவே வேண்டியதில்ல."

"அது சரி. குறி எங்க?"

நூல்பிடி குழிகளைக் காட்டினார். இயக்குநர் குனிந்து ஒரு குழியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிடுங்கிட்டாங்களா! நான் அப்பவே நினைச்சேன். ஜனங்க வாயால சொல்லல, கையால சொல்லியிருக்காங்க. இது எதிர்ப்பும்மா, தெளிவான எதிர்ப்பு. இதுக்கு மேல நாம திணிக்கக் கூடாது. ஏரியைச் சுத்துற பாதையை முதல்ல முடிப்போம். விளக்கு, பெஞ்சு, செடி, எல்லாம் ரெடியா இருக்கு. இந்தத் துண்டை ரெண்டாம் கட்டத்துல பாத்துக்கலாம்."

அலுவலகத்தில் இரண்டாம் கட்டம் என்றால் பரண். அங்கே ஏறிய எதையும் இறக்கிப் பார்த்தவர் இல்லை.

"சரி சார்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். பழி தெருக்காரர்கள் மேல் போகும், கோடு கௌரவமாகச் செத்துப்போகும், அவள் நாற்காலி அப்படியே இருக்கும். ஏரியைச் சுற்றி அடுத்த வருடம் நாலு பேர் நாயோடு ஓடுவார்கள். நாத்தனார் இன்று சாயங்காலமும் லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவே நடப்பாள்.

"எதிர்ப்பு இல்ல சார்" என்றாள்.

"பின்ன?"

"அவரைக் கொடிக்குக் குச்சி தேவைப்பட்டிருக்கு. தக்காளிக்கும் தேவைப்பட்டிருக்கு. கேட்பாரில்லாம நின்னுச்சு, எடுத்துக்கிட்டாங்க. பாதைக்காக ஊன்றினதுன்னே யாருக்கும் தெரியாது."

நூல்பிடி அப்போதுதான் வீடுகளின் பக்கம் திரும்பினார். "அய்யோ! அது என் முளை! சார், கோணம் பார்த்து, மட்டம் பார்த்து வச்சது சார். அதுல கோழி உக்காந்திருக்கு!"

இயக்குநருக்குச் சிரிப்பு வரவில்லை. "தெரியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த அவரைப் பந்தல் எங்க வீட்டுது சார்."

சொல்லி முடிக்கவில்லை, பின்கதவு திறந்தது. கையில் வாளியோடு மாமியார்.

"ஏம்மா, முன்வாசல்ல போனவ பின்வாசல்ல நிக்கிற? சாப்பாட்டை மறந்து வச்சிட்டியா? இவங்கல்லாம் யாரு?"

"உங்க வீடு இந்த வரிசையிலயா?" என்றார் இயக்குநர், மெதுவாக.

"ஆமா சார்."

"ஏன் சொல்லல?"

"கேக்கல சார்."

"கேக்கலைன்னா சொல்ல மாட்டீங்களா? நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான், அந்தம்மா தன் வீட்டுப் பக்கமா பாதையை வளைச்சுக்கிச்சுன்னு. நான் எங்க மூஞ்சியை வச்சுக்கறது?"

"என் வீட்டுப் பின்னாடி பாதை வந்தா எனக்கு என்ன சார் லாபம்? ஏச்சுதான் மிச்சம்."

"என்ன பாதை?" என்றாள் மாமியார்.

மாமியார் வாளியைக் கீழே வைத்தாள்.

"யாரு வீட்டுப் பின்னாடி, என்ன பாதை?"

இயக்குநர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். "பாருங்க, வீட்டுலயே சொல்லல. இனிமே இந்தத் துண்டு உங்க கையில இல்லம்மா. ஏரிக்கரை பாக்குறவர்கிட்ட ஒப்படைச்சிடுங்க. அடுத்த வாரம் இந்தத் தெருக்காரங்களைக் கூப்பிட்டுக் கேப்பேன். வேணும்னு அவங்க வாயால சொன்னா யோசிக்கலாம். வேண்டாம்னா முடிஞ்சுது. நீங்க அந்தக் கூட்டத்துக்கு வரக் கூடாது. வந்தாலும் பேசக் கூடாது."

கார் திரும்பிப் போனது. நூல்பிடி மட்டும் நின்றார். கோழிக் கூண்டைப் பார்த்துக்கொண்டே, "மேடம், அத எப்படிக் கேட்டு வாங்குறது?" என்றார்.

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்ய நேரம் இல்லை. மாமியார் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வா."

•

மாமியார் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை நாளா இந்த வேலை?"

"மூணு வருஷமா அத்தை."

"என் அடுப்படிக்குப் பின்னாடி கோடு போட்டுட்டு, என் கையால சாப்பிட்டுட்டு, என் எதிர்லயே உக்காந்திருந்திருக்க."

"ஆபீஸ்ல சொல்லக் கூடாதுன்னு..."

"ஆபீஸை விடு. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. இந்தத் தெருவுல பொம்பளைங்க எங்க உக்காருவோம்?"

மருமகள் பின்கதவுப் பக்கம் பார்த்தாள்.

"முன்னாடி தெரு ஆம்பளைங்களுக்கு. வண்டி நிக்கும், சீட்டு நடக்கும், குடிச்சிட்டுக் கிடப்பான். பின்னாடிதான் எங்களுக்கு. துணி துவைக்கிறது அங்க, தலை காய வைக்கிறது அங்க, ஒருத்தி அழணும்னாலும் அங்கதான் வந்து அழுவா. செங்கல் சூளையில மண்ணு சுமந்துட்டு வந்து, முதுகை நிமித்தி நான் உக்காந்த ஒரே இடம் அந்தத் துவைக்கிற கல்லு. அதுக்கு முன்னாடி ஊரே நடந்து போகணும். அதானே உன் பாதை?"

"வேலி வைக்கலாம் அத்தை. செடி வச்சு மறைப்பு..."

"வரைஞ்சியா?"

"என்ன?"

"கோடு வரைஞ்சியே, வேலியை வரைஞ்சியா?"

வரையவில்லை. மூன்று வருடத்தில் ஏரிக்கரையில் பெஞ்சு எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். ரயில் தடத்தில் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று தெரியும். தான் துணி உலர்த்தும் இடத்தில் பெண்கள் எங்கே உட்காருவார்கள் என்று அவள் வரையவே இல்லை. அந்தக் கல் அவள் வரைபடத்தில் இல்லை.

"இல்ல."

"அப்புறம் யாருக்காக இந்தப் பாதை? வெள்ளை செருப்புக்காரனுக்கா?"

நாத்தனாரின் ரகசியம் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. மருமகள் பல்லைக் கடித்தாள்.

"சொல்லேன். வாயில கொழுக்கட்டையா? யாருக்காக?"

"எனக்காகம்மா."

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. நாத்தனார் தூங்கியிருக்கவில்லை. முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, ஒரு கையை வெளியே எடுத்துக் காட்டினாள். ஊதா, பச்சை, ஓரத்தில் மஞ்சள்.

மாமியார் எழுந்து வந்தாள். தொடவில்லை. முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"யாருடி அடிச்சது?"

"யாரும் அடிக்கல. லாரி. கண்ணாடி இடிச்சிடுச்சு. அண்ணியைத் திட்டாத, நான்தான் சொல்லக் கூடாதுன்னேன்."

மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு ரகசியம் ஒரே நாளில். பிறகு மகளிடம் சொன்னாள். "இன்னியோட வேலை முடிஞ்சுது. நீ போக வேண்டாம்."

"பாத்தீங்களா அண்ணி? இதுக்குத்தான் சொன்னேன்." நாத்தனார் சட்டையை மறுபடி போட்டுக்கொண்டாள். பொத்தானை மாற்றிப் போட்டாள். "போகாம? உன்னை மாதிரி சூளைக்குப் போகட்டுமா? இல்ல, எவனாவது வந்து கட்டிக்கிட்டுப் போற வரைக்கும் சுவத்தைப் பாத்துட்டு உக்காரட்டுமா? நூல் மெஷின் ஓட்ட நானா கத்துக்கிட்டேன்மா. இப்ப மூணு பேருக்கு நான்தான் சொல்லிக் குடுக்கறேன். அந்த ரோட்டுக்காக அதை விடணுமா?"

"செத்தா?"

"போகலன்னாலும் செத்த மாதிரிதான்."

"வாயை உடைச்சிடுவேன்."

"உடை. உடைஞ்ச வாயோட போறேன்."

அடுப்பில் ஏதோ கருகியது. மூன்று பேருக்கும் வாசனை வந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

•

மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் நாத்தனார் புதுச் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாமியார் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள்.

"நகரும்மா."

மாமியார் நகரவில்லை. எழுந்தாள். மூலையில் கிடந்த செருப்பைத் தேடிப் போட்டாள்.

"நீ எங்க?" என்றாள் நாத்தனார்.

"மில்லு எங்க இருக்குன்னு பாக்க வேண்டாமா? பெத்தவ ஒரு தடவையாவது பாக்கணும்ல."

"நடந்தா?"

"உனக்கு மட்டும் பல்லக்கு வருதா? நட."

மருமகள் தானும் வருவதாகச் சொன்னாள். மாமியார் கையைக் காட்டி நிறுத்தினாள். "நீ வராத. உனக்குத்தான் இதுல பேசக் கூடாதுன்னு உத்தரவு ஆகியிருக்கே."

இருவரும் தெருமுனை திரும்பினார்கள். தாய் முன்னால், மகள் பின்னால். சண்டை போட்டுக்கொண்டேதான் போனார்கள்.

மருமகள் உள்ளே வந்தாள். கருகிய பாத்திரத்தைத் தேய்த்தாள். அந்த இணைப்பு இனி ஏரிக்கரைக்காரர் கையில். அவர் அதை எந்தப் பரணில் எந்த மூலையில் வைப்பார் என்றுகூட அவளுக்குத் தெரியும். கூட்டத்தில் தெரு பேசும். தெரு பேசுவது என்றால் அத்தை பேசுவது. மற்றவர்கள் அவள் பின்னால் தலையாட்டுவார்கள். அத்தை கேட்ட வேலியை அவள் இன்னும் வரையவில்லை. மில்லுக்கு இரண்டு பேர் போகிறார்கள், அத்தையே நேரே பார்த்தால் புரிந்துவிடும் என்று நினைக்கும்போதே அவள் கை நின்றது.

போகும்போது இரண்டு பேர். திரும்பும்போது அத்தை தனியாக வர வேண்டும்.

இதே சாலையில். இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில். நெடுஞ்சாலைப் பக்கமே போகாதவள், ஒரு கண்ணில் புரை, சைக்கிள் மணிக்கே திடுக்கிடுகிறவள்.

அவள் கை கழுவவில்லை. கதவையும் பூட்டவில்லை.

நெடுஞ்சாலைக்கு வந்தபோது மில் வண்டிகளும் கல் லாரிகளும் முட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. சாலை ஓரம் என்று ஒன்று இல்லை. தார் முடிந்த இடத்தில் பள்ளம் ஆரம்பித்தது. மூன்று வருடமாக அவள் இந்த இடத்தை வரைபடத்தில் ஒரு வெள்ளை இடைவெளியாகத்தான் பார்த்திருக்கிறாள். இப்போது அதற்குள் நின்றாள். ஒரு லாரி போன காற்றில் புடவை முகத்தில் அடித்தது.

எதிர்ப்பக்கத்தில், சற்றுத் தள்ளி, ஓர் உருவம் நின்றது.

அத்தைதான். மகளை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவள், சாலையைக் கடக்கத் தெரியாமல் நின்றாள். ஒரு அடி வைப்பாள், விளக்கு வெளிச்சம் வரும், பின்வாங்குவாள். எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாளோ. ஒரு செருப்பு காலில் இல்லை.

"அத்தே! அங்கயே நில்லுங்க! நான் வரேன்!"

கேட்டிருக்காது. ஆனால் மாமியார் நிமிர்ந்து பார்த்தாள். மருமகளைக் கண்டாள். கையை உயர்த்தி ஏதோ கத்தினாள். வராதே என்கிறாளா, வா என்கிறாளா, இவ்வளவையும் மறைத்ததற்கு அந்தச் சாலையில் வைத்துத் திட்டுகிறாளா, ஒன்றும் புரியவில்லை.

இருவருக்கும் நடுவே லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.